கோச் ராட்கேயின் கையெழுத்து

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் சொல்லாமல் விட்டது ஒரே வாக்கியம்: "அந்தக் கடிதத்தை எழுதினது நான்தான்."

மாரென் எழுந்து நின்று அதை வாசித்தாள். அவள் சித்தி மகள், பதினேழு வயது. நெப்ராஸ்காவின் மேற்குப் பக்கத்தில் பெண்கள் கூடைப்பந்தில் அவளை நிறுத்த ஆளில்லை. கடிதம் எங்கள் பல்கலைக்கழக அணியின் கோச் ராட்கேயிடமிருந்து வந்திருந்தது. "எதிரணிப் பெண் விழுந்தால் நடுவர் விசில் ஊதுவதற்குள் நீ கை நீட்டிவிடுகிறாய். தூக்கிவிடும்போதே உன் கண் பந்தைத் தேடுகிறது. இப்படி ஒருத்திக்காகத்தான் காத்திருந்தேன். உன் இடம் உனக்காக இருக்கும்."

"மத்த கோச்சுங்க எல்லாம் நான் எத்தனை பாயிண்ட் போட்டேன்னு எழுதுறாங்க. இவங்க என்னையே பாத்திருக்காங்க," என்றாள் மாரென்.

"பாத்தது சரி. காசு வாங்காம படிக்க வைப்பாங்களான்னு கேளு," என்றார் எமில் சித்தப்பா.

"நீங்க வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க," என்றாள் சித்தி. அவள் கண் கலங்கியிருந்தது.

அந்த அணியின் அலுவலகத்தில் நான் ஆட்ட வீடியோக்களை வெட்டித் தொகுக்கிறவள் என்பது அவர்களுக்குத் தெரியும். அணிக்கு அழைத்துப் பள்ளிப் பெண்களுக்குப் போகும் இந்தக் கடித அட்டைகளை எழுதுகிறவளும் நான்தான் என்பது தெரியாது. கோச்சின் எழுத்தை யாராலும் படிக்க முடியாது. அதனால் அட்டைகளுக்கென்று ஒரு சாய்ந்த எழுத்தைப் பழகிக்கொண்டேன். வாரத்துக்கு நாற்பது அட்டை, நீல மை, கீழே அவர் பெயர். சித்திக்கு என் உருண்டை எழுத்து மட்டும்தான் பழக்கம். "உன் தங்கச்சிதானே, தெரிஞ்சதை எழுது," என்றார் கோச். எழுதினேன். கடைசி வரி மட்டும் அவர் சொன்னது.

இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டேன்.

பள்ளி முடியும் வரை நான் வளர்ந்த வீடு அது. போனில் நான் 'உம்' கொட்டுவேன், காகிதத்தில்தான் பேசுவேன் என்று சித்தி சொல்வாள். அதனால் எங்களுக்குள் எப்போதும் கடிதம்தான். நான் எழுதியவற்றுக்கு நகல் வைத்துக்கொள்வது வழக்கம்.


அக்டோபர் 14

அன்புள்ள ஆட்ராவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? இங்கே எல்லோரும் சுகம், எமிலின் முழங்காலைத் தவிர. அதை டாக்டரிடம் காட்டுவதைவிட வானிலை அறிக்கைக்குப் பயன்படுத்தவே அவர் விரும்புகிறார்.

மாரென் முடிவு செய்துவிட்டாள். உதவித்தொகையோடு கூப்பிட்ட பியர்சன் கல்லூரிக்கு மாட்டேன் என்று சொல்லப் போகிறாள். எனக்கு மனது கேட்கவில்லை. அவர்கள் கோச் அந்த வெர்னா ஓல்சன் நாலு மணி நேரம் ஆலங்கட்டி மழையில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவள். வேலி தாண்டின கன்றை எமிலோடு சேர்ந்து விரட்டிப் பிடித்தாள். ஷூவெல்லாம் சாணி. "எங்க ஜிம்முல கூரை ஒழுகும், இப்பவே சொல்லிடறேன்," என்றாள். மாரென் அதைக் கேட்டுச் சிரித்தாளே தவிர, மனசு உங்கள் பல்கலைக்கழகத்தில்தான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் கோச் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவளா? ஆமாம் அல்லது இல்லை. நீ ஆமாம் என்றால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே நீ சாப்பிடுவதாகவே தெரியவில்லை.

ஜோலீன் சித்தி


அக்டோபர் 22

அன்புள்ள சித்திக்கு,

நான் நலம். சாப்பிடுகிறேன், சத்தியமாக. சித்தப்பாவின் முழங்கால் இந்த வாரம் பனி என்று சொன்னதா? இங்கே பனிதான்.

கோச் ராட்கே காலை ஐந்தரைக்கு வந்துவிடுகிறார். ஆட்டக்காரிகளின் அம்மாக்கள் பெயர்கள்கூட அவருக்கு மனப்பாடம். மூன்று ஆண்டில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உள் அறையில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. அடுத்த ஆண்டு அணியின் பதினைந்து பெயர்களும் காந்தப் பட்டைகளில் அதில் ஒட்டியிருக்கும். உறுதியானவர்கள் பச்சை. மாரென் பெயர் பச்சையில் இருக்கிறது. நானே ஒட்டினேன்.

அவளிடம் இடது கையாலும் பந்தைக் கூடையில் போடப் பழகச் சொல்லுங்கள். மற்றபடி அவள் தயார்.

அன்புடன்,
ஆட்ரா


நவம்பர் 16

அன்புள்ள ஆட்ராவுக்கு,

சுகமா? எனக்குச் சுகமில்லை, ஆனால் அது வயிற்றெரிச்சல், மருந்து கிடையாது.

புதன்கிழமை மாரென் உங்கள் அணியில் சேரும் ஒப்பந்தத்தில் பள்ளியில் வைத்துக் கையெழுத்துப் போடுவதாக இருந்தது உனக்குத் தெரியும். ஜிம்மில் மேசை போட்டு, உங்கள் பல்கலைக்கழக நிறத்தில் துணி விரித்து, கேக்கும் வந்தாகிவிட்டது. செவ்வாய் சாயங்காலம் கோச் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டோம்.

"மாரென் கண்ணு, ஏப்ரல்ல போட்டுக்கலாம். நம்ம மாநிலப் பொண்ணுங்க எல்லாரையும் ஒரே நாள்ல உக்கார வெச்சு பெருசா பண்ணணும்னு ஆசை."

"இப்ப போட்டா என்ன கோச்?"

"என் மேல நம்பிக்கை இருக்குல்ல?"

பதினேழு வயசுப் பெண் அதற்கு என்ன பதில் சொல்வாள்? எமில் பக்கத்தில் நின்று, "மாட்டைக் கொட்டில்ல கட்டிட்டு, விலை ஏப்ரல்ல பேசலாம்ங்கற மாதிரி இருக்கே," என்றார். கோச்சுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

கேக்கை ஃப்ரீஸரில் வைத்திருக்கிறேன். எனக்கு அதைத் திறக்கும்போதெல்லாம் எரிகிறது.

ஏன் ஏப்ரல்? நீ அந்த அலுவலகத்துக்குள்தானே உட்கார்ந்திருக்கிறாய்? போன தரம் நான் கேட்டதற்கும் நீ பதில் சொல்லவில்லை. பலகையைப் பற்றிச் சொன்னாய்.

ஜோலீன் சித்தி


டிசம்பர் 20

அன்புள்ள சித்திக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். வெளியூர் ஆட்டங்கள், ஒன்றன்பின் ஒன்றாக. பேருந்திலேயே வாழ்கிறோம். நீங்கள் எல்லோரும் நலமா? சித்தப்பா ஏணியில் ஏறி விளக்குத் தோரணம் கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள், அவர் கேட்க மாட்டார் என்றாலும்.

இத்துடன் உங்களுக்கு ஒரு கம்பளிக் கழுத்துத்துணி அனுப்பியிருக்கிறேன். சாம்பல் நிறம், உங்கள் கோட்டுக்குப் பொருந்தும். மாரெனுக்குக் கையுறை.

பண்டிகைக்கு வர முடியாது. இருபத்தெட்டாம் தேதி ஆட்டம். மாரென் இன்னும் பியர்சன் கல்லூரிக் கோச்சிடம் பேசிக்கொண்டிருந்தால் அதில் தவறொன்றும் இல்லை.

புத்தாண்டு எல்லோருக்கும் நல்லதாக அமையட்டும்.

ஆட்ரா


ஜனவரி 9

ஆட்ராவுக்கு,

கழுத்துத்துணி வந்தது. நன்றி. நன்றாகவே இருக்கிறது.

உன் கடிதத்தில் கையுறைக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் ஒரு வரி இருக்கிறது. அதை மூன்று தரம் படித்தேன். மாரெனும் படித்தாள். "அக்காவுக்கு என் ஆட்டத்து மேல நம்பிக்கை இல்லையாம்மா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் கொட்டிலில் தனியாகப் பந்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி குளிர்.

வெர்னா ஓல்சனுக்கு அவள் அக்டோபரிலேயே மாட்டேன் என்று எழுதிவிட்டாள். இரண்டு பக்கம், மரியாதையாக. அந்த உதவித்தொகையை அவர்கள் வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். இது உனக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

உனக்கு ஏதாவது தெரியுமென்றால் இப்போது சொல். தெரியாதென்றால் அதையும் சொல். கன்று ஈனும் காலம் தொடங்குகிறது, எனக்கு ஊகிக்க நேரமில்லை.

ஜோலீன்


பிப்ரவரி 2

அன்புள்ள சித்திக்கு,

காய்ச்சலில் படுத்திருந்தேன், இப்போது தேவலை. நாளை காலை மறுபடியும் கிளம்புகிறோம். விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

ஆட்ரா


ஏப்ரல் 11

ஆட்ராவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை.

நேற்று மத்தியானம் மூன்றேகாலுக்கு உன் கோச் கூப்பிட்டாள். மாரென் என்னோடு தொழுவத்தில் இருந்தாள். ஒரு பசு பாதி ஈன்ற நிலையில். இவள் கையில் போன், என் இரண்டு கையும் முழங்கை வரை ரத்தம்.

"இந்த வருஷம் கொஞ்சம் பெரிய பொண்ணுங்களா எடுக்கிறோம் கண்ணு. நீ ரெண்டு வருஷம் வேற எங்கயாவது ஆடிட்டு வா. அப்ப நானே உன்னைத் தேடி வருவேன்."

"என் இடம் எனக்கு இருக்கும்னு எழுதினீங்களே?"

"அப்ப நெனச்சதைத்தான் எழுதினேன்."

அவ்வளவுதான், ஏழு நிமிடம். அதில் இரண்டு நிமிடம் எனக்குச் சுகமா என்று விசாரிப்பு. நான் போனை வாங்கி, "உங்கம்மா உன்னைப் பெத்த நேரத்துல ஒரு கன்னுக்குட்டி பெத்திருந்தா ஊருக்கு உபயோகமா இருந்திருக்கும்," என்றேன். அதற்குள் வைத்துவிட்டாள்.

பெரிய பெண் யாரென்று இன்று செய்தியில் வந்துவிட்டது. ஜோஸ்லின் டேப்னி, இருபத்திரண்டு வயது, ஃப்ளோரிடாவில் இரண்டு கல்லூரிகளில் ஆடியவள். கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல் திங்களன்று திறந்ததாம், செவ்வாயன்று இவள் வந்து பார்த்தாளாம், வியாழனன்று முடிந்ததாம். ஏன் ஏப்ரல் என்று இப்போது புரிகிறது. மாரென் ஐந்து மாதமாக ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தாள், வேறொருத்தி வந்து உட்கார.

அவள் சாப்பிடவில்லை. பேசவில்லை. மற்ற கல்லூரிகளில் இடமெல்லாம் முடிந்துவிட்டது.

நான் சும்மா விடுவதாக இல்லை. பதினோரு அட்டை இருக்கிறது, கோச் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டது. மாநிலப் பத்திரிகைக்காரன் இருபத்திரண்டாம் தேதி வருகிறான். அத்தனையையும் மேசையில் பரப்பி வைக்கப் போகிறேன்.

ஜோலீன்


ஏப்ரல் 14

சித்திக்கு,

பத்திரிகைக்காரரிடம் அட்டைகளைக் காட்டாதீர்கள். அவற்றை எழுதியது நான்.

பதினொன்றும். கையெழுத்து உட்பட. இது வேலையின் ஒரு பகுதி, பல அணிகளில் என்னைப் போல் ஒருத்தி இருக்கிறாள். நீங்கள் காட்டினால் கோச் ஒரே வார்த்தையில் தப்பித்துவிடுவார்: "அந்தப் பெண்ணுடைய அக்கா ஆசையில் எழுதிவிட்டாள்." எல்லோரும் சிரிப்பார்கள். மாரெனைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அக்டோபரில் அவள் எழுந்து நின்று வாசித்தபோதே சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தேன், சொல்லவில்லை. நவம்பர் ஐந்தாம் தேதி அவள் பெயரைப் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றச் சொன்னார் கோச். மஞ்சள் என்றால் வேறு யாரும் கிடைக்காவிட்டால். நான்தான் எடுத்து ஒட்டினேன். நீங்கள் கேக் வாங்கிய வாரத்திலேயே எனக்குத் தெரியும். கழுத்துத்துணி வாங்கியபோது தெரியும். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பாதி. கோச் மறுபடி பச்சைக்கு மாற்றுவார், நான் சொல்லாமலே எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியது மறு பாதி. அந்த இரண்டாம் பாதிதான் எனக்கு அதிக அருவருப்பாக இருக்கிறது.

ஜோஸ்லின் டேப்னி வந்ததும் கையில் கொடுக்கவும் நான்தான் அட்டை எழுதினேன். "இப்படி ஒருத்திக்காகத்தான் காத்திருந்தேன்." அதே வரி. அலுவலகத்துக்கு வந்தவள் பலகையில் கோச்சின் கிறுக்கலைப் பார்த்தாள், என் மேசைக்கு வந்தாள்.

"நீதானே எழுதின?" என்றாள்.

நான் நீலப் பேனாவை மூடி வைத்தேன்.

"பயப்படாத. போன காலேஜ்ல ஒரு பையன் எழுதுவான், எழுத்துப் பிழையோட. நீ பரவால்ல. இதையெல்லாம் யாராவது நம்புறாங்களா என்ன?"

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பழைய கல்லூரியில் அவள் இடத்தையும் போன மாதம் வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். ஊர் ஊராக ஆடியவர்களுக்கு அட்டை என்றால் என்னவென்று தெரியும். கையால் எழுதினால் சொல் கொடுத்ததாக அர்த்தம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உங்கள் வீட்டைப் போன்ற வீடுகளில் இருக்கிறார்கள். அது எனக்குத் தெரியும், நான் அங்கே வளர்ந்தவள். தெரிந்துதான் எழுதினேன்.

மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆட்ரா


ஏப்ரல் 24

ஆட்ரா,

இருபது வருஷமாக உன் எழுத்தைப் படிக்கிறவள் நான். உன்னால் இன்னொரு எழுத்தும் எழுத முடியும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

நான் கேட்டது ஆமாம் அல்லது இல்லை. நீ கொடுத்தது கழுத்துத்துணி.

அவளைத் திட்டினேன், அந்தக் கோச்சை, பத்து நாளாக. பால் வாளியிடம் திட்டினேன், சர்ச்சில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் திட்டினேன். அந்த நேரமெல்லாம் திட்ட வேண்டிய ஆள் நான் தலை வாரிவிட்ட பெண்.

பத்திரிகைக்காரனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எமில், "பாவம், அவளுக்கும் வயித்துப் பொழப்பு," என்றார். அவரோடும் பேசவில்லை.

எனக்கு எழுதிய மன்னிப்பு அடுப்புக்குள் போயிற்று. உன் உண்மையை உன் பெயர் போட்டு, உன் சொந்த எழுத்தில் எழுது. விளையாட்டுத் துறைத் தலைவர் என்று ஒருத்தர் இருப்பாரே, அவர் மேசையில் கொண்டுபோய் வை. எனக்கு நகல் அனுப்பு. அதுவரை எனக்கு வேறெதுவும் எழுதாதே.

ஜோலீன்


மே 3

ஆட்ரா அக்கா,

நீயும் அம்மாவும் என்னைப் பற்றி அக்டோபரிலிருந்து எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள். என்னிடம் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா உன் கடிதங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறாள். எல்லாவற்றையும் படித்தேன். எரித்ததாகச் சொன்னாளே, அதையும். அவள் எரிக்கவில்லை. சொல்லிவிடாதே.

விழுந்த பெண்ணுக்குக் கை கொடுக்கும்போது என் கண் பந்தைத் தேடும் என்று எழுதினாயே. அது எனக்கே தெரியாது. அதைப் படித்த அன்று இரவு யாரோ என்னை முழுசாகப் பார்த்துவிட்டார்கள் என்று தூக்கம் வரவில்லை. பார்த்தது நீ. உண்மையாகவே பார்த்திருக்கிறாய். பொய்யாக எழுதியிருந்தால் உன்னை வெறுத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். உண்மையை எழுதி அந்தக் கோச் பெயரைப் போட்டாய் பார், அதுதான் தாங்கவில்லை. ஒரு போஸ்ட் கார்டில் உன் பெயர் போட்டு அனுப்பியிருந்தால் சாகும் வரை வைத்திருந்திருப்பேன்.

பியர்சனுக்கு நானே போன் செய்துவிட்டேன். மூன்று வாரம் ஆகிறது. வெர்னா ஓல்சன், "காசு கெடையாது, இடம் கெடையாது, அக்டோபர்ல டீமுக்கு ஆள் எடுக்கிற தேர்வு இருக்கு, வர்றியா?" என்றார். வருகிறேன் என்றேன். "கூரை இன்னும் ஒழுகுது," என்றார். அம்மாவிடம் நேற்றுத்தான் சொன்னேன்.

தலைவரிடம் எழுதிக் கொடுப்பதென்றால் கொடு. எனக்காக என்று மட்டும் சொல்லாதே. உங்கள் கோச் நாளைக்கே காரில் வந்து அழுதாலும் நான் அங்கே ஆட மாட்டேன்.

கையுறை சின்னதாக இருக்கிறது. என் கை உனக்கு எப்போது சரியாகத் தெரிந்தது?

மாரென்


மே 9

சித்திக்கு,

நகல் இத்துடன்.

இன்று காலை ஒன்பதரைக்கு விளையாட்டுத் துறைத் தலைவரிடம் கொடுத்தேன். மூன்று பக்கம், என் எழுத்து, என் பெயர். மாரென் பெயரைப் போடவில்லை. மூன்று ஆண்டில் ஏறத்தாழ ஐயாயிரம் அட்டை எழுதியதாகவும், அவற்றில் இடம் உறுதி என்று சொன்ன அட்டைகள் கோச் சொல்லி எழுதியவை என்றும் எழுதியிருக்கிறேன். பச்சை, மஞ்சள் எல்லாம் தேதியோடு.

அவர் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார். "கையால எழுதினதை எல்லாம் நாங்க பதிவுல சேர்க்க முடியாதும்மா. டைப் பண்ணிக் கொண்டு வாங்க," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, நான் இதுவரை யாரிடமும் பேசாத குரலில் பேசினேன். "ஐயாயிரம் அட்டையை வீடு வீடாக் கையால எழுதி அனுப்பினப்ப அது செல்லும். உங்க மேசைக்கு வந்தா செல்லாதா?" என்றேன். வெளியே இருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். காகிதத்தை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஆட்ரா


ஜூன் மாதம் நான் வேலையிலிருந்து விலகினேன். நானாக விலகுவதாக எழுதித் தரச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தேன். என் மூன்று பக்கங்களுக்குப் பதில் வரவில்லை. மார்ச்சில் முடிந்த பருவத்தில் அணி இருபத்து நான்கு ஆட்டங்களில் வென்றிருந்தது. கோச் ராட்கேயின் ஒப்பந்தம் மேலும் நான்கு ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. மாரென் பியர்சன் கல்லூரியில் சேர்ந்தாள், அக்டோபர் தேர்வில் கடைசி ஆளாக அணிக்குள் வந்தாள். உதவித்தொகை இல்லை, கட்டணத்தை வீட்டில்தான் கட்ட வேண்டும். அந்த நவம்பரில் எமில் சித்தப்பா ஆண்டுதோறும் விற்கும் கன்றுகளோடு இருபத்தாறு தாய்ப்பசுக்களையும் ஏலத்துக்கு அனுப்பினார். சித்தி அதை எனக்கு எழுதவில்லை. ஏலப் பட்டியலில் பார்த்தேன்.